முதுகு காட்டாத சம்பங்கி

எங்கள் வெல்டிங் ஷாப்பில் நான்காம் நம்பர் ரோபோவின் முன்னால் ஒருத்தி பின்பக்கமாகவே நடந்து வருவாள். வண்டி பிரேமுக்கான குழாய்களை ஜிக் என்கிற பிடிசட்டத்தில் வைத்து, கவ்விகளைப் பூட்டிவிட்டு, முகத்தை ரோபோவின் பக்கமே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்து வைத்து மஞ்சள் கோட்டைத் தாண்டுவாள். கோவிலில் கும்பிட்டு முடித்தவர்கள் சாமிக்கு முதுகைக் காட்டாமல் நகர்வார்களே, அப்படி. கோட்டைத் தாண்டியதும் தலையை லேசாகத் தாழ்த்துவாள். அதற்குப் பிறகுதான் இரண்டு கைகளாலும் இரண்டு பச்சைப் பொத்தான்களை ஒன்றாக அமுக்குவாள். இரண்டு கைகளும் சேர்ந்து அமுக்கினால்தான் ரோபோ கிளம்பும்; கிளம்பிய பிறகு கையை எடுத்துவிடலாம். உள்ளே ஒரு கை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சம்பங்கி அமுக்குவதைப் பார்த்தால் பொத்தானை அமுக்குவதுபோலவே இருக்காது.

ஊர் குந்தாரப்பள்ளிக்குப் பக்கம். வயது நாற்பத்து மூன்று. கணவர் நாராயணப்பன் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர். அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் பிழைப்பு. மகள் சௌமியா கிருஷ்ணகிரியில் நர்சிங் இரண்டாம் வருடம். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டை இழுத்தது சம்பங்கியின் கம்பெனி வேலை. ஆறு வருடம் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினாள். போன செப்டம்பரில் பேக்கிங்கை வேறு பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்த காண்ட்ராக்ட் பெண்களில் மூன்று பேரை மட்டும் எங்கள் ரோபோ லைனில் போட்டார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

நான் மூன்றாம் நம்பரில் நிற்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கம்பி வலைதான். அதனால் அவள் வந்த முதல் நாளையும் பார்த்தேன். ரோபோ என்றால் கண், மூக்கு எல்லாம் இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறாள். இங்கே இருந்தது ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒற்றைக் கை. தரையில் வேர்விட்டதுபோல நிற்கும். ஆள் உயரத்துக்கு மேலே போய் மடங்கி, நுனியில் நெருப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு நூலிழை பிசகாமல் அதே இடத்தில் வந்து நிற்கும். முதல் நெருப்புப் பூத்ததும் சம்பங்கியின் கை தானாகக் குவிந்தது.

"என்னாக்கா, கும்பிடறீங்க?" என்று ஐந்தாம் நம்பரிலிருந்து கவிப்ரியா சிரித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. வாய் சும்மா இருக்காது.

"இவ்ளோ பெருசு ஒண்ணு, சொன்ன பேச்சக் கேக்குதே. கும்பிட்டா என்னாடி தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நேரம் போனது. ரோபோ ஒரு பிரேமைப் பற்றவைக்கும்போதே நாங்கள் திரும்பி, பின்னால் இருக்கும் தள்ளுவண்டியிலிருந்து அடுத்த பிரேமுக்கான குழாய்களை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வோம். சம்பங்கி திரும்ப மாட்டாள். வேலை நடக்கும் வரைக்கும் அதையே பார்த்து நிற்பாள். அது ஓய்ந்த பிறகுதான் குழாய் எடுக்கப் போவாள். அதுவும் பக்கவாட்டில் நண்டு மாதிரி. நாங்கள் நாற்பது விநாடியில் முடிப்பதற்கு அவளுக்கு அறுபத்தைந்து ஆனது.

ஷிப்ட் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் கெட்டவர் இல்லை. சேலத்துக்காரர். கையில் எப்போதும் நேரம் பார்க்கும் கடிகாரம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை லெவல் டூ டெஸ்ட். இருபது பீஸ். ஒவ்வொண்ணும் நாப்பது செகண்டு. வரலைன்னா அடுத்த மாச லிஸ்ட்ல உங்க பேர் இருக்காது. எனக்கும் மேல கேக்கறாங்க."

"நான் என்னா சார் பண்றது? அதுக்கு முதுகக் காட்ட மனசு வரலியே."

"அது மெஷின்க்கா!"

"தெரியும் சார்" என்றாள். தெரிந்தவள் மாதிரி அவள் முகம் இல்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்று லைன் நின்றுவிடும். மெயின் பவரை இறக்கிப் பூட்டு போட்டுவிடுவார்கள். நாங்கள் ஒவ்வொரு ரோபோவையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, வேலிக் கம்பியில் வாழைக்கன்று கட்டினோம். மெயின்டெனன்ஸ் திம்மப்பன் பூசணிக்காய் உடைத்தார். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். எல்லோரும் கேன்டீன் பக்கம் போனபோது சம்பங்கி மட்டும் நான்காம் நம்பரிடம் போனாள். இடுப்பிலிருந்து மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை எடுத்தாள். கைக்கு எட்டும்படி மடங்கி நின்ற ரோபோவின் மேல்கையில் வெல்டிங் கம்பியை உள்ளே இழுத்துக்கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் இருந்த குழாயில் அந்தக் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் அதைப் பார்த்தேன். சுண்டல் வாங்கக் கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் திம்மப்பன் மாலைகளையெல்லாம் கழற்றிவிட்டு பவர் கொடுத்தார். பெட்டிக்குக் கீழே மறைந்திருந்த கயிறு அவர் கண்ணில் படவில்லை. சம்பங்கியும் அதை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் படம். பூஜை விடுமுறைக்கு வந்திருந்த படம், இரண்டாம் பாகம். ராட்சச ரோபோக்கள் பூதம் பூதமான மிருகங்களோடு சண்டை போடும் கதை. "உங்க பயத்துக்கு அதான் மருந்து" என்று கவிப்ரியா பிடிவாதமாக மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். தியேட்டர் வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவள் எடுத்திருந்தது தெலுங்கு ஷோ. ஓசூரில் இது நடக்கிறதுதான். ஒரே படம் நான்கு பாஷையில் ஓடும்.

"தமிழ் ஃபுல்லா இருந்துச்சு. போன்ல தமிழ்னு நெனச்சுத்தான் அமுக்கினேன்" என்றாள் கவிப்ரியா. அவள் தருமபுரிக்காரி, எனக்கு ஊர் இன்னும் தெற்கே. எங்கள் இருவருக்கும் தெலுங்கு சுத்தமாக வராது. சம்பங்கி வீட்டில் பேசுவதே தெலுங்குதான்.

"வாங்கடி, நான் சொல்றேன்" என்று அவள் முன்னால் நடந்தாள். அவள் யாருக்கும் முன்னால் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் பாகத்தில் என்ன நடந்தது என்பதை இரண்டு நிமிடத்தில் காட்டினார்கள். கடைசிச் சண்டையில் பெரிய ரோபோ மிருகத்தைக் கொன்றுவிட்டுப் பாலைவனத்தில் மல்லாந்து விழுகிறது. அவ்வளவுதான். இரண்டாம் பாகம் பத்து வருடம் கழித்து ஆரம்பிக்கிறது. விழுந்த இடத்திலேயே அது கிடக்கிறது. அதன் மேலே ஓர் ஊரே வந்துவிட்டது.

அந்தக் காட்சி வந்தபோது தியேட்டரே மூச்சுவிடவில்லை. மலை மாதிரி நெஞ்சு. அதன் மேல் தகரக் கூரை போட்ட வீடுகள். விரலுக்கு விரல் துணி காயப்போட்ட கொடி. முழங்காலில் ஆடு மேய்கிறது. காதுக்குள் பள்ளிக்கூடம். திரை முழுக்க அதன் உள்ளங்கையைக் காட்டினார்கள். அதில் நான்கு வீடு, ஒரு குழாயடி, ஒரு கோழிக்கூண்டு. ஒரு பொம்பளை அதன் கட்டைவிரலில் சாய்ந்து உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கடி" என்று சம்பங்கி என் கையைப் பிடித்தாள். "முதுகச் சாய்ச்சு உக்காந்திருக்கா."

அப்புறம் மிருகங்கள் வந்தன. பூமி பிளந்து, ஏரித் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கி, பனைமரம் பனைமரமாக முள் நிமிர்த்திய முதுகுகள் எழுந்தன. சத்தம் நாற்காலியில் ஏறி முதுகுத்தண்டில் நடந்தது. சம்பங்கி ஒவ்வொரு வசனத்தையும் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ரகசியம் பேசத் தெரியாத குரல்.

"எழுப்பணும்ங்கறாங்க. எழுந்தா ஊரு போயிடும்ங்கறாரு கெழவரு. அந்தப் பொண்ணு சொல்லுது, அது நம்மளத் தாங்கிக்கிட்டுத்தானே படுத்திருந்துச்சு, எழறப்ப மட்டும் தள்ளிடுமான்னு..."

"ஏனக்கா, நாங்க படம் பாக்கலாமா, இல்ல உங்க கதைதான் கேக்கணுமா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருவன் கேட்டான்.

"ரெண்டயும் கேளு தம்பி, ஒரே டிக்கெட்டுதானே?" என்றாள் கவிப்ரியா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு அது எழுந்தது. உடனே எழவில்லை. முதலில் ஒரு விரல். அந்த விரலில் காய்ந்த துணிகூட ஆடவில்லை. உள்ளங்கையை மெல்ல மெல்லக் கொண்டுபோய் ஒரு குன்றின் மேல் வைத்துச் சாய்த்தது. ஆட்கள் ஓடி இறங்கினார்கள். கடைசியில் கோழிக்கூண்டு மட்டும் நின்றது. அவ்வளவு பெரிய விரல், அந்தக் கூண்டை நகத்தால் தள்ளி மண்ணில் உட்கார வைத்தது. ஒரு கோழி வெளியே வந்து இறக்கையை உதறியது.

நான் திரும்பிப் பார்த்தேன். சம்பங்கி மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தாள். கண் நிறைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு நடந்த முக்கால் மணி நேரச் சண்டையில் யார் யாரை அடித்தார்கள் என்பது எனக்குப் பாதிதான் புரிந்தது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கை இறங்குவதும், மிருகத்தின் வாய்க்குள் மின்னல் போவதும் மட்டும் நினைவிருக்கிறது. சம்பங்கி வாயைத் திறந்தபடியே பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கவிப்ரியா, "என்னாக்கா, பயம் போச்சா?" என்றாள்.

"பயம் எங்கடி இருந்துச்சு? நான் பயந்துக்கிட்டா நின்னேன்னு நெனச்ச?" என்றாள் சம்பங்கி. தியேட்டர் விளக்குகள் பின்னால் போன பிறகு சொன்னாள்: "அதும்மேல சாஞ்சு அவரக்கா உரிக்கறா. அதுக்குக் கோவம் வரல. முதுகு காட்டுனா மரியாத போயிடும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

திங்கட்கிழமை அவள் திரும்பினாள். பச்சைப் பொத்தானை அமுக்கிய பிறகு ஒரு மூச்சு நின்றாள். அப்புறம் உடம்பை முழுதாகத் திருப்பித் தள்ளுவண்டியில் குழாய் எடுக்கக் குனிந்தாள். பின்னால் நெருப்பு பொரிந்துகொண்டிருந்தது. அன்று ஐம்பது விநாடி. புதன்கிழமை நாற்பத்து மூன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்தொன்பது. ஹரீஷ்குமார் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை டெஸ்ட் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் ரோபோக்களுக்கு ஜிக் மாற்றும் நேரம் அது. அதனால் கவிப்ரியாவும் நானும் வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். எண்ணுவது கவிப்ரியாவின் வேலையாகிவிட்டது. பத்து பீஸ் வரைக்கும் ஒன்றுகூட நாற்பதைத் தாண்டவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காவதை வைத்துப் பொத்தானை அமுக்கித் திரும்பிக் குழாயை எடுத்தவள், அப்படியே நின்றாள். குழாயைக் கீழே வைத்தாள். போய் சிவப்புப் பொத்தானை அடித்தாள். ரோபோ பாதியில் உறைந்தது.

ஷாப்பில் ஒவ்வொரு தூணிலும் எழுதியிருக்கும்: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. ஏதாவது சரியில்லை என்றால் தொழிலாளி அதைத்தான் செய்ய வேண்டும். நான் வந்த நான்கு வருடத்தில் எங்களில் ஒருத்திகூடச் செய்ததில்லை. லைன் நின்றால் யார் பதில் சொல்வது? சம்பங்கி அழைப்பு மணியை அடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே காத்திருந்தாள்.

"அக்கா, டைம் ஓடுது!" ஹரீஷ்குமார் ஓடி வந்தார். "ஏன் நிறுத்துனீங்க?"

"சத்தம் சரியில்ல சார்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. நான் இங்கதானே நிக்கறேன்?"

"நீங்க நெருப்பப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க சார். நான் அந்தாண்ட திரும்பி நிக்கறேன், எனக்குக் காதுதான் இருக்குது. நல்லா இருந்தா வடகம் பொரியற மாதிரி ஒரே சீரா வரும். இப்ப ஈர வெறகு மாதிரி வெட்டி வெட்டி எரியுது."

திம்மப்பன் வந்து பவரைப் பூட்டினார். ஏணி போட்டு ஏறிக் கம்பி இழுக்கும் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு சின்ன உருளைகள். அவற்றுக்கு நடுவில்தான் வெல்டிங் கம்பி ஓட வேண்டும். ஓர் உருளையைச் சுற்றி எண்ணெய்க் கறுப்பில் நூல் நூலாக ஏதோ சுற்றியிருந்தது. அவர் குறடால் இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் தெரிந்தது. கட்டிய கயிற்றின் நுனி நாளாக ஆகப் பிரிந்து உள்ளே போயிருக்கிறது.

திம்மப்பன் அதைப் பார்த்தார். சம்பங்கியைப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்கும்போது அவளிடம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பாஷை தெரியாவிட்டாலும் அர்த்தம் எனக்குப் புரிந்தது. பேசாமல் இரு என்றார்.

"என்ன திம்மப்பா அது?" என்றார் ஹரீஷ்குமார்.

"தூசி சார். பஞ்சு மாதிரி எதோ."

"கயிறு சார்" என்றாள் சம்பங்கி. "நான்தான் கட்டினேன். பூஜ அன்னிக்கு."

கவிப்ரியா என் தோளைக் கிள்ளினாள். அன்றைக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"மெஷின்ல போயி யாராச்சும் கயிறு கட்டுவாங்களாக்கா?" என்றார் ஹரீஷ்குமார்.

"நீங்க மாலை போட்டீங்களே சார்."

"மாலைய லீவு முடிஞ்சதுமே எடுத்துட்டமே!"

"வேண்டிக்கிட்டுக் கட்டினத எப்படி சார் எடுக்கறது? அதுவா அறுந்து விழணும்."

ஹரீஷ்குமாருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டார். பிறகு திம்மப்பனை உருளையைச் சுத்தம் செய்யச் சொன்னார். மீதி ஆறு பீஸையும் முடிக்கச் சொன்னார். சம்பங்கி முடித்தாள். ஆறும் நாற்பதுக்குள்.

"நேரம் சரிதான். ஆனா அது போதாது" என்றார் அவர். "பதினாலாவது கெட்டுப்போச்சுன்னு தெரியும். பதிமூணாவது என்னாச்சு? அதுவும் கெட்டிருந்தா, காலைல இருந்து எத்தனை போச்சோ யாருக்குத் தெரியும்? இந்த பிரேம் மேலதான் ஒருத்தன் குடும்பத்தோட உக்காந்து போவான். பதிமூண வெட்டிப் பாக்கலாம். நல்லா இருந்தா, சரியான நேரத்துல நிறுத்துனீங்க, நீங்க பாஸ். கெட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

சம்பங்கி தலையாட்டினாள்.

பரிசோதனை அறையில் இருப்பவர் ராஜலட்சுமி மேடம். அந்த அறைக்குள் நாங்கள் யாரும் போனதில்லை. அன்று கதவைத் திறந்தே வைத்துவிட்டார். பதின்மூன்றாவது பிரேமில் இணைப்பு இருக்கும் இடத்தை ரம்பத்தில் கொடுத்து வெட்டினார். வெட்டிய முகத்தைப் பட்டுத் துணியால் துடைத்ததுபோல வழவழவென்று தேய்த்தார். உருகிய பகுதி நிறம் மாறுவதற்காக அமிலம் ஒரு சொட்டு விட்டார். சம்பங்கி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். மகள் சௌமியாவின் நர்சிங் இரண்டாம் வருடம் அந்தச் சொட்டுக்குள் இருந்தது.

மேடம் லென்ஸில் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. அப்புறம், "வந்து பாருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.

சம்பங்கி குனிந்தாள். "எங்க மேடம் சேந்த இடம்? ஒண்ணும் தெரியலயே."

"தெரியலைன்னா நல்லதும்மா. அந்தக் கறுப்புத் திட்டு தெரியுதா? ரெண்டு குழாயும் உருகி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனது அது. இனிமே பிரிக்கணும்னா குழாய் கிழியும், இது கிழியாது."

பிறகு பதினான்கையும் வெட்டிக் காட்டினார். அது தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒரு பக்கத்தில் நகம் நுழையும் இடைவெளி.

ஹரீஷ்குமார் அன்றே அவளுக்கு இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று லெவல் டூ பாஸ். இன்னொன்று, இயந்திரத்தில் அனுமதியில்லாமல் பொருள் கட்டியதற்கு எச்சரிக்கைக் கடிதம். இரண்டிலும் அவர் கையெழுத்துதான். "இனிமே வேண்டுதல் இருந்தா வேலிக் கம்பியில கட்டுங்க" என்றார். கவிப்ரியா இரண்டையும் சத்தமாக வாசித்தாள். எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் தட்டினாள்.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. சம்பங்கி காகிதங்களை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் அறைக்குள் போனாள். பதின்மூன்றாவது துண்டின் மேல் குனிந்தாள்.

"அக்கா, பஸ் போயிடும்" என்று ஹரீஷ்குமார் கூப்பிட்டார்.

"போவட்டும் சார். வெளிய நெருப்பத்தான் இத்தன நாளும் பாத்தேன். உள்ளாற இது நடக்குதுன்னு யாரும் சொல்லலியே."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் ஒரு கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். நானும் போய்க் குனிந்தேன்.